சீட் இல்லாத சாம்பியன்

வணக்கம் நண்பர்களே. கார் பந்தயம் பற்றிப் பேச வந்தவன் மணிக்கு 300 கிலோமீட்டர், டயர் புகை என்று ஆரம்பிப்பான் என நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு நான் அதிகம் பேசப் போவது ஒப்பந்தங்களைப் பற்றி. ஒரு இளம் ஓட்டுநர் மேலே வருவதும் பாதியில் காணாமல் போவதும் பல சமயம் மேசையில்தான் முடிவாகிறது. ஆஸ்திரேலிய ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்ட்ரியை வைத்து இதைச் சொல்கிறேன்.

2001-இல் மெல்போர்னில் பிறந்தவர். சின்ன வயதில் ரிமோட் கார் பந்தயம், அப்புறம் கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டி. ஐரோப்பாவுக்குப் போகாமல் ஃபார்முலா 1 கனவு காண்பதில் அர்த்தமில்லை என்பதால் பதின்ம வயதிலேயே இங்கிலாந்து வந்தார். அப்பா கொஞ்ச காலம் கூட இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட, பையன் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டே பந்தயம் ஓட்டினார். அப்பாவுக்கு கார் எஞ்சின் ட்யூனிங் மென்பொருள் தொழில், வீட்டில் வசதி இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இந்த விளையாட்டில் ஒவ்வொரு படிக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும். ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா 2-இல் ஒரு சீசன் ஓட்டவே நம்ம ஊர்க் கணக்கில் பல கோடி ரூபாய். திறமை இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

2019-இல் ஃபார்முலா ரெனோ யூரோகப் என்ற இளையோர் தொடரில் பட்டம். 2020-இல் ஃபார்முலா 3 பட்டம். 2021-இல் ஃபார்முலா 2 பட்டம். கடைசி இரண்டும் அந்தந்தப் பிரிவில் அவர் கால் வைத்த முதல் வருடத்திலேயே. இதில் எனக்குப் பிடித்தது அந்த ஃபார்முலா 3 பட்டம்தான். சீசன் முழுக்க அவர் ஜெயித்தது வெறும் இரண்டு பந்தயம். பட்டம் கிடைத்தது மூன்று புள்ளி வித்தியாசத்தில், தேயோ பூர்ஷேரைத் தாண்டி. ஆர்ப்பாட்டமே இல்லாமல் வாரா வாரம் புள்ளி சேர்த்துக்கொண்டு போகிற ஆள். இன்றைக்கும் பந்தயத்தின்போது அணியோடு ரேடியோவில் அவர் பேசுவதைக் கேட்டால் ஜெயித்தாரா தோற்றாரா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, ஃபார்முலா 2-இல் பட்டம் வாங்கினால் என்ன ஆகும்? திரும்ப அங்கே ஓட முடியாது. விதி அப்படி. இரண்டாவதாக வந்தவர் அடுத்த வருடமும் வரலாம், ஜெயித்தவர் கிளம்ப வேண்டும். மேலே போகலாம் என்றால் அப்போது ஃபார்முலா 1-இல் மொத்தமே 20 சீட், அதில் அவருக்கு ஒன்றுகூட இல்லை. ஆக 2022 முழுக்க, மூன்று வருடத்தில் மூன்று பட்டம் வாங்கிய மனிதர் ஆல்பைன் என்ற ஃபார்முலா 1 அணியின் ரிசர்வ் டிரைவராக, அதாவது மாற்று ஓட்டுநராக, ஹெட்செட் மாட்டிக்கொண்டு கராஜில் நின்றார். ஆல்பைன் பழைய கார் கொடுத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சோதனை ஓட்டம் நடத்தியது, செலவும் செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சீட்?

2022 ஜூலை கடைசியில் முன்னாள் உலக சாம்பியன் வெட்டல் ஓய்வு அறிவித்தார். ஆஸ்டன் மார்ட்டின் அணியில் அவருடைய சீட்டை ஆகஸ்ட் 1 அன்று, அதுவரை ஆல்பைனுக்கு ஓட்டிவந்த அலோன்சோ பிடித்துக்கொண்டார். அலோன்சோவை இழந்த ஆல்பைன் மறுநாளே, அடுத்த வருடம் எங்கள் ஓட்டுநர் பியாஸ்ட்ரி என்று அறிக்கை விட்டது. மாப்பிள்ளையைக் கேட்காமலே கல்யாணப் பத்திரிகை அடித்த கதைதான். சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரி ட்விட்டரில் எழுதினார்: என் சம்மதம் இல்லாமல் அறிவித்திருக்கிறார்கள், இது தவறு, அடுத்த வருடம் நான் ஆல்பைனுக்கு ஓட்டப் போவதில்லை. 21 வயது, ஒரு ஃபார்முலா 1 பந்தயம்கூட ஓட்டியதில்லை, எழுதுவது ஒரு பெரிய கார் கம்பெனியின் சொந்த அணிக்கு எதிராக.

ஊர் முழுக்கத் திட்டியது. நன்றி கெட்டவன், விசுவாசம் இல்லாதவன் என்றார்கள். விஷயம் ஒப்பந்த அங்கீகார வாரியத்துக்குப் போனது. ஓட்டுநர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு அணிகள் மோதிக்கொண்டால் தீர்ப்புச் சொல்கிற அமைப்பு அது. செப்டம்பர் 2 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு: செல்லுபடியாகும் ஒரே ஒப்பந்தம் மெக்லாரன் என்ற இன்னொரு அணியுடையது, ஜூலை 4 அன்று கையெழுத்தானது. மாதக்கணக்கில் அவகாசம் இருந்தும் ஆல்பைன் 2023-க்கு முறையான ஒப்பந்தம் எதையும் அவரோடு போட்டு முடிக்கவில்லை. அவருடைய மேலாளர் மார்க் வெப்பர், தானே ஃபார்முலா 1 ஓட்டியவர், இந்த உலகத்தில் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர். விசுவாசம் கேட்கிறவர்கள் முதலில் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்பது என் கட்சி. இதில் வலித்தது அப்போது மெக்லாரனில் ஓட்டிக்கொண்டிருந்த ரிக்கியார்டோவுக்கு, அவரும் ஆஸ்திரேலியர்தான். ஒரு வருட ஒப்பந்தம் மிச்சம் இருக்கும்போதே மெக்லாரன் அவரை அனுப்பிவிட்டுத்தான் அந்த சீட்டைக் கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 2023-இல் கத்தாரில் ஸ்பிரிண்ட் எனும் குறும்பந்தயத்தில் வெற்றி, 2024-இல் ஹங்கேரியில் முதல் கிராண்ட் பிரீ, அதாவது முழுப் பந்தய வெற்றி. 2025-இல் ஏழு வெற்றி. ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்துப் பந்தயம் முடிந்தபோது அணித் தோழர் லாண்டோ நாரிஸை விட 34 புள்ளி முன்னால், பட்டம் கிட்டத்தட்ட கையில். அடுத்து இத்தாலியின் மோன்சா. நாரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி மூன்றாவது. அணி டயர் மாற்ற பியாஸ்ட்ரியை முதலில் பிட்டுக்குக் கூப்பிட்டது, அப்புறம் வந்த நாரிஸுக்கு டயர் மாட்டுவதில் தாமதம், பியாஸ்ட்ரி முன்னால் போய்விட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். மெதுவான பிட் ஸ்டாப்பும் பந்தயத்தின் ஒரு பகுதி என்றுதானே பேசியிருந்தோம் என்று ரேடியோவில் கேட்டார், கேட்டுவிட்டுக் கொடுத்துவிட்டார். அடுத்த பந்தயம் அஜர்பைஜானின் பாகு. தொடக்க விளக்கு அணையும் முன்னே கார் நகர்ந்துவிட்டது, முதல் சுற்றிலேயே சுவரில் இடித்தார். பாகுவையும் சேர்த்துத் தொடர்ந்து ஆறு பந்தயம் முதல் மூன்று பேருக்கான மேடை ஏறவே இல்லை.

சீசன் முடிவில் புள்ளிக் கணக்கு: நாரிஸ் 423, ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. இப்போது மோன்சாவை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. பியாஸ்ட்ரி கொடுக்க மறுத்து, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் அவருக்கு 413, அப்பவும் மூன்றாம் இடம்தான். நாரிஸுக்கு 420. பட்டம் ஒரு புள்ளியில் வெர்ஸ்டாப்பனுக்குப் போயிருக்கும். ஆல்பைனுக்கு மாட்டேன் என்று எழுதிய அதே மனிதர் மெக்லாரனுக்குச் சரி என்றதில், உலகப் பட்டம் பக்கத்து கராஜுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுத்தில் ஒப்புக்கொண்டதை அவர் செய்வார், ஒப்புக்கொள்ளாததைச் செய்யமாட்டார், இரண்டிலும் ஒரே ஆள்தான் தெரிகிறார் என்று நான் நினைக்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது என்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள்; மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள், சண்டை போடலாம்.