இன்டர்நேஷனல் ஸ்டடீஸில் ஜப்பானைப் படிப்பது என்றால் என்னதான் படிப்பது?

வணக்கம் மக்களே. பக்கத்து அறையில் யாரோ வாக்குவம் கிளீனர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்தச் சத்தம் மைக்கில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஊர் சுற்றும் வீடியோ இல்லை, ராமென் கடையும் இல்லை. கமென்ட்டில் நிறையப் பேர், முக்கியமாக பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைகள், திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்விக்குப் பதில். நீங்கள் படிப்பது மொழியா, அரசியலா, இல்லை சும்மா ஜப்பானில் இருப்பதற்கு ஒரு சாக்கா என்று.

நான் படிப்பது சர்வதேச ஆய்வுகள், இங்கே கொகுசாய் (அதாவது சர்வதேச) என்று தொடங்கும் பெயரோடு பல பல்கலைக்கழகங்களில் தனித் துறையே இருக்கிறது. தோக்கியோவுக்கு வடக்கே இருக்கிற ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. முதல் இரண்டு வருடம் ஒரு பக்கம் மொழி வகுப்பு, இன்னொரு பக்கம் சர்வதேச உறவுகள், சமூகவியல் அறிமுகம், ஜப்பானிய அரசியல் வரலாறு என்று தனித்தனித் தண்டவாளத்தில் ஓடும். மூன்றாம் வருடத்தில் ஜெமி. ஒரு பேராசிரியருக்குக் கீழே சின்னக் குழுவாக உட்கார்ந்து, ஒரே தலைப்பைப் பட்டமளிப்பு ஆய்வுக்கட்டுரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிற வகுப்பு அது. அங்கேதான் இரண்டு தண்டவாளமும் சேரும், சேர்ந்தே ஆக வேண்டும்.

ஆங்கிலத்திலேயே டிகிரியை முடித்துவிடலாமாமே, அப்புறம் எதற்கு இந்த மொழிப் பாடு என்று கேட்கிறீர்கள். முடிக்கலாம், உண்மைதான். 2009இல் அரசாங்கம் 13 பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, ஆங்கில வழிப் படிப்புகளை வளர்க்கச் சொல்லிப் பணம் கொடுத்தது, அதன் பிறகு அந்த வழி நன்றாகவே அகலமாகிவிட்டது. பொறியியல் படிக்க வருகிறவர்களுக்கு அது போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நீங்கள் படிக்க வந்திருப்பது இந்தச் சமூகத்தை. அதைப் பற்றி ஆங்கிலத்தில் யாரோ ஏற்கெனவே எழுதி முடித்ததை மட்டும் படித்துவிட்டுப் பட்டம் வாங்கினால், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைக்கூடப் படிக்காமல் ஜப்பான் நிபுணர் ஆகிவிடுவீர்கள். அப்படிப்பட்ட நிபுணர்கள் உலகத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, மொழி எவ்வளவு கஷ்டம்? இலக்கணம் நமக்குக் கஷ்டமே இல்லை, இதை அடித்துச் சொல்வேன். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போய் வாக்கியத்தை எங்கேயோ முடிக்கலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த என் வகுப்புத் தோழர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட பாடத்தையெல்லாம் நாம் காலை ஆட்டிக்கொண்டே முடித்துவிடலாம். (ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்றே எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. தயவுசெய்து கமென்ட்டில் சண்டை வேண்டாம்.) எழுத்துதான் ஆளைக் கொல்லும். பொதுப் பயன்பாட்டுக்கு என்று அரசு பட்டியலிட்ட கான்ஜி, அதாவது சீனாவிலிருந்து வந்த எழுத்துகள், 2,136. இங்கே ஒரு குழந்தை ஆரம்பப் பள்ளியின் ஆறு வருடத்தில் அதில் 1,026ஐக் கற்கிறது. நீங்கள் அந்தக் குழந்தையைவிட வேகமாகப் போக வேண்டும், அதோடு அரசியல் பாடத்துக்கு அசைன்மென்ட்டும் எழுத வேண்டும்.

இன்னொன்று, ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை மட்டும் குறி வைத்து ஓடாதீர்கள். என்5 முதல் என்1 வரை ஐந்து படி (என்1தான் உச்சம்), ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், வேலைக்கும் விசாவுக்கும் அந்தச் சான்றிதழ் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பேச்சுத் தேர்வு கிடையாது, ஒரு பத்தி எழுதச் சொல்வதும் கிடையாது, விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். என்1 வாங்கிவிட்டு ஜெமியில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்கிறேன், என்3ஐ வைத்துக்கொண்டு பேராசிரியரோடு மல்லுக்கு நிற்பவர்களையும் பார்க்கிறேன்.

இப்போது சமூகம். வெளியிலிருந்து பார்க்கும்போது ஜப்பான் என்றால் ஒரே இனம், ஒரே மொழி என்று ஒரு படம் இருக்கும், பாடத்திட்டத்தின் பாதி வேலை அந்தப் படத்தைக் கலைப்பதுதான். வடக்கே ஹொக்கைடோ பகுதியைச் சேர்ந்த ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டத்தில் எழுதியது 2019இல்தான். காலனி காலத்தில் ஜப்பானியக் குடிமக்களாக இருந்த கொரியர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம் 1952இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் குடியுரிமையை இழந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பேரன் பேத்திகளில் பலர் இன்னும் சிறப்பு நிரந்தர வாசிகள் என்ற தகுதியில்தான் இருக்கிறார்கள், ஏனென்றால் இங்கே குடியுரிமை மண்ணில் பிறந்ததால் வருவதில்லை, பெற்றோரால் வருகிறது. ஒவ்வொன்றும் தனி வீடியோவுக்குரிய விஷயம், இன்றைக்கு இதோடு விடுகிறேன்.

நான் கொஞ்சம் நின்று பேச நினைப்பது ஓயிசுமி பற்றி. குன்மா மாகாணத்தில் ஒரு சின்ன ஊர், தோபு ரயிலில் நிஷி-கொயிசுமி என்ற கடைசி ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இறங்கினால் போர்ச்சுகீசியப் பலகைகள் கண்ணில் படும், பிரேசில் மளிகைக் கடையில் ஃபெய்ஜோவாடா என்கிற பிரேசில் பீன்ஸ் குழம்புக்குக் கருப்பு பீன்ஸ் மூட்டையாகக் கிடைக்கும். ஊரின் மக்கள்தொகை 40,000 சொச்சம், அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வெளிநாட்டவர். எப்படி இந்த நிலைமை வந்தது? 1908இல் கசாட்டோ மாரு என்ற கப்பலில் கோபேயிலிருந்து பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்கு ஜப்பானியர்கள் கிளம்பினார்கள், அந்தப் போக்கு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நம்மவர்கள் தோட்ட வேலைக்குக் கடல் கடந்து போன கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்பதுகளின் கடைசியில் இங்கே தொழிற்சாலைகளில் ஆள் பற்றாக்குறை. வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவருகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல அரசுக்கு மனமில்லை. அதனால் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, 1990 முதல் ஜப்பானிய வம்சாவளியினருக்கு மூன்றாம் தலைமுறை வரை எந்த வேலையும் பார்க்கலாம் என்ற விசா கொடுத்தது. ரத்தம் ஜப்பானிய ரத்தம், எளிதில் கலந்துவிடுவார்கள் என்பது கணக்கு. வந்தவர்கள் பேசியதோ போர்ச்சுகீசியம். கார் தொழிற்சாலையும் மின்சாதனத் தொழிற்சாலையும் இருந்த ஓயிசுமி அவர்களை இழுத்துக்கொண்டது, நாடு முழுக்க பிரேசிலியர் எண்ணிக்கை 2007இல் 3 லட்சத்துக்கும் மேல் இருந்தது.

அடுத்த வருடம் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்தது, ஒப்பந்தத் தொழிலாளர்களான இவர்களுக்குத்தான் முதலில் வேலை போனது. 2009இல் அரசு ஒரு திட்டம் போட்டது. ஊருக்குத் திரும்பிப் போகிறீர்களா, ஆளுக்கு 3 லட்சம் யென், குடும்பத்தாருக்குத் தலைக்கு 2 லட்சம், ஆனால் அதே விசாவில் மறுபடி வரக்கூடாது. ஏறத்தாழ 20,000 பிரேசிலியர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். மறுபடி வரலாம் என்று கதவு திறந்தது 2013இல்தான். இதை வகுப்பில் படித்தபோது ஒரு பத்தி, அவ்வளவுதான். ஓயிசுமியில் மளிகைக் கடை நடத்துகிற ஒரு அக்கா, போன தம்பியைப் பற்றியும் போகாமல் இருந்த தன்னைப் பற்றியும் ஜப்பானிய மொழியில்தான் பேசினார், எனக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழி எங்களுக்கு நடுவில் வேலை செய்தது. மொழி வகுப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அப்புறம் யசாஷீ நிஹோங்கோ, அதாவது எளிய ஜப்பானியம். என் ஜெமியில் இந்த வருடம் முழுக்க இதுதான். 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியில் பெரிய நிலநடுக்கம், 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். தண்ணீர் எங்கே, முகாம் எங்கே என்ற அறிவிப்பெல்லாம் கடினமான ஜப்பானிய மொழியில் வந்தது, வெளிநாட்டவர் பலருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் எல்லா மொழியிலும் பெயர்க்க அந்த நேரத்தில் யாருக்கு அவகாசம் இருக்கும்? ஹிரோசாகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூக மொழியியலாளர்கள் முன்னின்று வேறு வழியை யோசித்தார்கள். வாக்கியத்தைச் சின்னதாக்கு, கான்ஜிக்கு மேலே ஒலிப்பைப் போடு, இரட்டை எதிர்மறை வேண்டாம், மரியாதை மொழியைக் குறை. 2024 புத்தாண்டு அன்று நோட்டோ தீபகற்பத்தில் நிலம் அதிர்ந்தபோது பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. திரையில் சுனாமி, ஓடுங்கள் என்று வெறும் ஹிராகானா என்ற எளிய ஒலியெழுத்தில் பெரிதாக வந்ததைப் பார்த்திருப்பீர்கள், அறிவிப்பாளர் கத்தியே விட்டார். 2020இல் அரசே இதற்கு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது.

எங்கள் ஜெமியில் உள்ளூர் அலுவலக நோட்டீஸ்களை எடுத்து எளிய ஜப்பானியமாக மாற்றி எழுதுகிறோம். நான் நினைத்ததற்கு நேர்மாறாக, இதில் திணறுவது ஜப்பானிய மாணவர்கள்தான். மரியாதை விகுதிகளை வெட்டும்போது அவர்களுக்குக் கை கூசுகிறது, மக்களை அதட்டுகிற மாதிரி இருக்கிறதே என்கிறார்கள். நான் படக்கென்று வெட்டிவிடுகிறேன். இந்த நாட்டில் 2024 முடிவில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வசித்தார்கள், மக்கள்தொகையில் சுமார் 3 சதவீதம், ஜப்பானியர் எண்ணிக்கையோ வருடத்துக்கு வருடம் இறங்குகிறது. வந்தவன் எங்கள் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த அலுவலகம், நாமும் நம் மொழியைக் கொஞ்சம் வளைக்க வேண்டுமோ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறது. எனக்கு இதில் சந்தேகமும் உண்டு. நோட்டீஸை எளிமையாக்குவது மலிவு, மொழிபெயர்ப்பாளரையும் பள்ளியில் மொழி ஆசிரியரையும் நியமிப்பது செலவு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைத் தட்டிக்கழிக்க இது வசதியாகப் போய்விடக்கூடாது. ஜெமியில் இதைச் சொன்னேன், அரை மணி நேரம் விவாதம் ஓடியது, பேராசிரியர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

இனி வருகிறவர்களுக்கு இரண்டு மூன்று வார்த்தை. ஹிராகானா, கட்டகானா என்ற ஒலியெழுத்துகள் இரண்டையும் ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். மாணவர் விசாவில் அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். அதை நம்பிக் கல்விக் கட்டணம் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகப் போய்விடும். மாங்கா பார்த்து மொழி பழகுவது நல்லதுதான், ஆனால் அதில் வருகிற பேச்சை அப்படியே வார்டு அலுவலகத்தில் பேசாதீர்கள்.

என் ஆய்வுக்கட்டுரை வெளிநாட்டுக் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை பற்றியது. கட்டாயக் கல்வி இங்கே ஜப்பானியக் குடிமக்களுக்குத்தான் கடமை, வெளிநாட்டவர் விண்ணப்பித்தால் சேர்த்துக்கொள்வார்கள். 2019இல் கல்வி அமைச்சகம் முதன்முறையாக நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, பள்ளிக்குப் போகாமல் இருக்கக்கூடிய குழந்தைகள் ஏறக்குறைய 20,000 பேர் என்று வந்தது. ஊருக்கு ஊர் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்க்க ஒரே வழி, உள்ளாட்சி மன்றக் கூட்டக் குறிப்புகள். எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது, எல்லாம் ஜப்பானிய மொழியில், யாரும் ஆங்கிலத்தில் போடப்போவதில்லை. அடுத்த வீடியோவில் அதில் ஒரு பக்கத்தைத் திரையில் வைத்து வரி வரியாகப் படிக்கப் போகிறேன். போரடித்தால் சொல்லுங்கள், வேகத்தைக் கூட்டி ஓட்டிவிடுகிறேன்.