நமக்குப் பின்னால் எழும் அலை

(மோட்டார் படகு ஓட்டுவோர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டும் பிடியான திராட்டிலை முன்னே தள்ளுகிறோம். படகின் முன்முனையான அணியம் வானத்தைப் பார்த்து எழும்புகிறது. இரண்டு மூன்று நொடிகள் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. பிறகு அணியம் தணிந்து, படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு அதன் மேல் வழுக்கத் தொடங்குகிறது. எத்தனை ஆண்டுகள் ஓட்டினாலும் அந்த நொடியில் நெஞ்சு துள்ளாதவர் இந்த அரங்கில் ஒருவரும் இருக்க மாட்டார். அந்தத் துள்ளலை நான் நேசிக்கிறேன். ஆனால் இன்று நான் பேச வந்தது, அந்த நொடியில் கரையில் நிற்பவரைப் பற்றி, சிறு படகில் இருப்பவரைப் பற்றி, தண்ணீரில் நீந்துபவரைப் பற்றி. நம் மகிழ்ச்சி அவர்களை எட்டுவதில்லை. நம் அலையும் ஓசையும்தான் எட்டுகின்றன.

ஒரு காலை நேரம். நாணல் அடர்ந்த குறுகலான நீர்வழி. ஒரு முதியவர் சின்னத் துடுப்புப் படகில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். மரியாதை தெரிந்தவன் என்ற நினைப்போடு கையும் அசைத்தேன். அவர் கை அசைக்கவில்லை. கோபக்காரர் போலிருக்கிறது என்று எண்ணியபடி திரும்பிப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. என் அலை அவர் படகுக்குள் ஏறி இறங்கியது. புழு வைத்திருந்த தகர டப்பா கவிழ்ந்து மிதந்தது. தூண்டில் நரம்பு அவர் காலைச் சுற்றிக்கொண்டது.

படகைத் திருப்பி அருகில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. நரம்பின் சிக்கலை எடுத்துக்கொண்டே, "தம்பி, நீங்கள் எல்லோரும் பாதி வேகத்தில்தான் போகிறீர்கள். அதுதான் எங்களுக்கு எமன்" என்றார்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. படகு மிக மெதுவாகப் போகும்போது தண்ணீரை அதிகம் கிளறுவதில்லை. முழுதாக வழுக்கும் நிலைக்கு வந்தபின் அடிப்பகுதியின் பெரும்பகுதி நீருக்கு மேலே வந்துவிடுவதால் அலை தாழ்ந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான், பின்முனையான கடையால் அமிழ்ந்து அணியம் தூக்கி நிற்கும் அந்த வேகத்தில்தான், படகு தன் எடைக்குரிய பள்ளத்தைத் தோண்டிக்கொண்டு போகிறது. அலையின் உயரம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். நான் உபகாரம் என்று நினைத்துச் செய்தது, அவர் மீது என்னால் ஏவ முடிந்த மிகப் பெரிய அலை. இதற்காக யாரும் அவர் அருகே சீறிப் போக வேண்டாம், அது கொலைக்குச் சமம். தொலைவிலேயே குறைத்து, அணியம் முழுதாகத் தணிந்து படகு நீரில் சமமாக அமர்ந்தபின் கடந்து போக வேண்டும். கடைசி நொடியில் குறைத்தால், நாம் முன்பே எழுப்பிவிட்ட அலை நம்மையும் தாண்டி அவரிடம் போய்ச் சேரும்.

ஓசையும் அப்படித்தான். மாலையிலும் அதிகாலையிலும் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மீண்டும் நீர்ப்பரப்புக்கே இறங்கிவிடும். நடு ஏரியில் நமக்கு இதமாக முழங்கும் எஞ்சின், மறுகரையில் தூங்கும் குழந்தையின் தொட்டிலருகே முழங்கும். எஞ்சினை அணைத்தபின் நாம் உரக்கப் பேசுவதுகூட அங்கே தெளிவாகக் கேட்கும். கரைவாசிகளைப் பற்றி நாம் சொல்லும் சொற்களும் அதில் அடக்கம்.

வெளியாரோடு நம் உறவு எப்படி அமையலாம் என்பதற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தைப் பாருங்கள். 1967 ஜனவரி 4 அன்று கோனிஸ்டன் ஏரியில் வேகப் படகுச் சாதனையாளர் டொனால்ட் கேம்பெல் மணிக்கு 300 மைலைத் தொடும் முயற்சியில் உயிரிழந்தார். முதல் ஓட்டம் முடிந்ததும் நீர் அடங்கும்வரை காத்திருக்காமல் உடனே திரும்பி ஓட்டினார். அவருடைய சொந்த அலைதான் காரணமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் உடல் 2001-இல்தான் ஏரியடியிலிருந்து எடுக்கப்பட்டது. அதே கோனிஸ்டன் கிராமத்தில்தான் அடக்கம் செய்தார்கள். தங்கள் ஏரியில் பேரோசையோடு ஓட்டிய அந்நிய மனிதரை அந்த ஊர் தன்னுடையவராக ஏற்றுக்கொண்டது.

அதே மாவட்டத்தில், அதிகத் தொலைவில் இல்லாத விண்டர்மியர் ஏரியின் கதை வேறு. ஹென்றி சீகிரேவ் 1930-இல் நீர் வேக சாதனை படைத்து, அன்றே உயிர்விட்ட ஏரி அது. நீர்ச்சறுக்கு விளையாடுபவரைப் படகு இழுத்துப் போகும் வேகத்துக்கே இடமில்லாதபடி 2005-இல் அங்கே வேக வரம்பு நடைமுறைக்கு வந்தது. நம்மைப் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பயன் இல்லை. ஒரு மனிதர் தம் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியதை மக்கள் மதித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் நாள்தோறும் பிறர் அமைதியைப் பணயம் வைத்து ஓட்டியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தடை வந்தபின் உரிமை பேசுவதைவிட, தடை கேட்கும் மனநிலை எங்கே பிறக்கிறது என்று முன்னதாகவே பார்ப்பது நமக்கு நல்லது.

நீரில் வாழும் உயிர்களும் நமக்கு வெளியாரே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கடற்பசு இனத்தைச் சேர்ந்த மானட்டீ என்ற சாதுவான விலங்கு உண்டு. அதை ஆராய்பவர்கள் ஒவ்வொரு மானட்டீயையும் அதன் உடலில் உள்ள தழும்புகளை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். அந்தத் தழும்புகளில் பெரும்பாலானவை படகுகளால் வந்தவை. முதுகில் வரிசையாக விழுந்திருப்பவை புரொப்பெல்லர் வெட்டுகள். நாம் வெட்டிய கோடுகளே ஓர் உயிருக்குப் பெயர்ப்பலகை ஆகிவிட்டன. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாம் படகில் ஏற்றிக்கொள்ளும் விருந்தினரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் நம்மை நம்பி ஏறுகிறார்கள். காட்சி நன்றாக இருக்கும் என்று அவர்களை அணியத்தில் உட்கார வைக்கிறோம். அலையில் படகு எழும்பி அறையும்போது மிக மோசமான அடி விழும் இடம் அதுதான். முதுகெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு எதற்கு என்று அவர்களுக்குச் சொல்கிறோமா? நாமே அதை மாட்டிக்கொள்கிறோமா? 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பம் மொத்தமும் தண்ணீரில் தூக்கி எறியப்பட்டது. கயிறு மாட்டப்படாததால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பத் திரும்ப வந்து அவர்களையே மோதியது. தந்தையும் ஒரு மகளும் இறந்தார்கள். திருப்பத்தில் விருந்தினர் அலறினால் நாம் சிரிப்பது வழக்கம். அந்தச் சிரிப்பை நிறுத்துவோம். பயந்து இறங்கியவர் மறுபடி ஏற மாட்டார், நம்மைப் பற்றி நல்லதாக ஒரு சொல்லும் சொல்ல மாட்டார்.

நம் பக்கத்துப் பெருமையையும் நான் மறக்கவில்லை. 2005-இல் கத்ரினா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, மீன்பிடிக்கவும் வேட்டைக்குப் போகவும் வைத்திருந்த சொந்த மோட்டார் படகுகளை டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு சாதாரண மனிதர்கள் வந்தார்கள். கூரை மேல் நின்றவர்களை இறக்கினார்கள். அந்தப் பகுதியின் கேஜன் மக்களுடைய கடற்படை என்ற பொருளில் கேஜன் நேவி என்ற பெயர் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது. அந்தத் திறமை நம் கைகளிலும் இருக்கிறது. கவிழ்ந்த படகைக் கண்டால் முதலில் போய்ச் சேரக்கூடியவர்கள் நாம்தான். ஆனால் வெள்ளம் என்றோ ஒரு நாள் வரும். ஞாயிற்றுக்கிழமை வாரந்தோறும் வருகிறது.

சாலை விதி போலவே கடலுக்கும் விதி உண்டு. மோதல் தவிர்ப்புக்கான 1972 ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளின்படி, பாய்மரப் படகுக்கும் வலை விரித்திருக்கும் படகுக்கும் எஞ்சின் படகு விலகிப் போக வேண்டும். ஆற்றல் மிகுந்தவன் விலகு என்பதே அதன் கட்டளை. துடுப்புப் படகுக்காரரை அந்தப் பட்டியலில் எழுதவில்லை. அவரை நாமே சேர்த்துக்கொள்ள எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

அந்த முதியவரிடம் அடுத்த வாரம் மறுபடி போனேன். அவர் படகில் ஏற அனுமதி கேட்டேன். தயங்கித்தான் ஏற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் தொலைவில் ஒரு வேகப் படகு வந்தது. ஓட்டியவர் எங்களைப் பார்த்து வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அன்போடு கையசைத்தார். என் இரண்டு கைகளும் தாமாகவே விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

அதனால் இந்தச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு இரண்டு துடுப்புப் படகுகளை வாடகைக்கு எடுப்போம். பாதுகாப்பு உடை அணிந்து, ஒவ்வொருவராக அதில் உட்காருவோம். மற்றவர்கள் போதிய இடைவெளி விட்டு, வழக்கமாகக் குறைக்கும் வேகத்திலேயே நம்மைக் கடந்து போகட்டும். முதல் ஆளாக நான் உட்காருகிறேன்.