கேரவன் கீசரும் எர்த் வயரும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் படப்பிடிப்பு நடந்தால் பெரிய வீட்டு வாசலில் கேரவன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது சொந்த வேனிலேயே படுக்கை, சமையல் மேடை, குளியலறை எல்லாம் அமைத்துக்கொண்டு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று குடும்பத்தோடு சுற்றுகிறவர்களும் வருகிறார்கள். புது வண்டியில் எனக்கு வேலை இல்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியின் கீசர்தான் என்னைத் தேடி வருகிறது.

வீட்டுக் கீசரைச் சுவரில் மாட்டினால் மாட்டிய இடத்தில் இருக்கும். வண்டிக் கீசர் குலுங்குகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. அப்புறம் ஒருநாள் ஜெனரேட்டரிலும் மறுநாள் யார் வீட்டு பிளக்கிலோவும் ஓடுகிறது. நான் பார்க்கிற பழுதுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கின்றன.

குலுங்கலால் டெர்மினல் திருகு தளரும். தண்ணீரைச் சுடவைக்கும் 2000 வாட் காயில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இடத்தில் அவ்வளவு கரண்ட் போனால் சூடேறி வயர் கருகிவிடும். தண்ணீர் சுடவில்லை என்றதும் பலர் புதுக் காயில் வாங்க ஓடுகிறார்கள். வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். கருகிய நுனியை வெட்டி, வயர் நுனியில் மாட்டும் புது உலோக லக் அழுத்தி, ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்கினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

சும்மா கிடப்பது வேறு மாதிரி வேலை செய்யும். காயில் குழாய்க்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மல்டிமீட்டரில் இரண்டு முனைக்கும் நடுவே 26 ஓம் காட்டும், 2000 வாட்டுக்கு அது சரியான கணக்குதான். ஆனால் கரண்ட் குழாயின் உடம்புக்குக் கசிகிறதா என்பதை மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி கண்டுபிடிக்காது. அதற்கு 500 வோல்ட் கொடுத்துக் கசிவைச் சோதிக்கும் மெகர் என்ற மீட்டர் வேண்டும். ஈரம் மட்டும்தான் என்றால் கழற்றி மிதமான சூட்டில் சில மணி நேரம் உலர்த்த, மெகர் காட்டும் அளவு ஏறிவிடும். ஏறவில்லை என்றால் குழாயில் ஊசித் துளை விழுந்திருக்கும். அப்போது காயிலை மாற்றத்தான் வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கும் டிரைவர்களுக்கும் வாக்குவாதம் வரும். "அண்ணே, சுவிட்ச் போட்டாலே டிரிப் ஆகுது. டைரக்டா குடுத்துருங்கண்ணே, காலையில ஆர்ட்டிஸ்ட் குளிக்கணும்" என்பார்கள். "குளிக்கிறவங்க உசுரோட வெளிய வர வேணாமா தம்பி?" என்று கேட்பேன். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கத்தான் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறது. வண்டி நிற்பது ரப்பர் டயரில். எர்த் இல்லாமல் கசிவு வந்தால் வண்டி உடம்பு முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வெறுங்காலோடு தரையில் நின்று படிக்கட்டுக் கம்பியைப் பிடிப்பவர்தான் மாட்டுவார்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு பிளக் பல இடங்களில் எர்த் இல்லாத இரண்டு முனைதான். வீடு அரண்மனை மாதிரி இருக்கிறது என்பதற்காக வயரிங்கையும் நம்பிவிட முடியாது. அதிலிருந்து வயர் இழுத்துக் கீசர் போடவே கூடாது.

ஜெனரேட்டர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பி வரும் வயர், அதன் உடம்போடு இணைந்திருக்காது. அப்போது முதல் கசிவுக்குத் திரும்பும் வழி கிடைக்காது, ஆர்.சி.சி.பி. பேசாமல் இருந்துவிடும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் டக்கென்று விழும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை. அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. நியூட்ரலை ஜெனரேட்டரிடம் ஒரே இடத்தில் மட்டும் எர்த்தோடு சேர்த்து, வண்டி உடம்புக்கும் எர்த் வயர் கொண்டுவர வேண்டும். வண்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கவே கூடாது. இது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.

தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் வாய்த்தது அதிர்ஷ்டம். ஆனால் ஊர் ஊராகப் போகும் வண்டி கிடைத்த போர் தண்ணீரைத்தான் நிரப்பும். காயிலில் உப்புப் படிந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவையுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினால் உப்போடு டேங்கும் போய்விடும். கண்ணாடிப் பூச்சுள்ள இரும்பு டேங்கில் மெக்னீசியம் ஆனோடு தண்டு ஒன்று இருக்கும். இரும்புக்குப் பதிலாக அது அரிபடும். அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட நம்ம ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் ஆராயப்படுவதில் ஒன்று இந்த அரிமானம்தான். அப்படி ஒரு நிலையம் இருக்கிற ஊரிலேயே வருடத்துக்கு ஒருமுறை ஆனோடு தண்டைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. தண்டு கம்பி மாதிரி மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். முதலில் பம்ப்பை ஓடவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று புஸ் புஸ்ஸென்று வந்து நின்று, தண்ணீர் சீராக விழ வேண்டும். காலி டேங்கில் கரண்ட் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே காயில் போய்விடும். சூடேறும்போது சேஃப்டி வால்வில் நாலு சொட்டு வடியும், அது பிரஷர் வெளியேறும் வழி. துணி கட்டி அடைத்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.