முடிவு தெரிந்த பிறகும் ஓடுகிற கதை

எல்லோருக்கும் வணக்கம். அமோகமாக விற்கும் த்ரில்லர் நாவல்களுக்கு அந்தப் புகழ் தகுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்குச் சுலபமான பதில் இரண்டு உண்டு. கோடிக்கணக்கான பேர் வாங்குகிறார்களே, அத்தனை பேரும் முட்டாள்களா என்பது ஒன்று. கோடிக்கணக்கான பேர் வாங்கினாலே சந்தேகப்பட வேண்டாமா என்பது இன்னொன்று. இரண்டிலுமே புத்தகத்தைத் திறந்து பார்க்கிற வேலை மிச்சம்.

இரண்டாவது கட்சியில் பெரிய தலைகள் எல்லாம் உண்டு. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ரோஜர் அக்ராய்டைக் கொன்றது யார் என்று யாருக்கு என்ன கவலை என்பதுதான் தலைப்பே, அக்ராய்டு என்பது அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றில் கொலையாகிறவர். துப்பறியும் கதை படிப்பதை ஒரு கெட்ட பழக்கமாகவே வைத்து, அசட்டுத்தனத்தில் அதைக் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் சிகரெட்டுக்கும் நடுவில் எங்கேயோ உட்காரவைத்தார். நம் ஊரிலும் இந்த ஏளனத்துக்குக் குறைச்சல் இல்லை. ராஜேஷ்குமார் 1500 நாவலுக்கு மேல் எழுதியவர் என்று சொன்னதுமே ஒரு சிரிப்பு சிரிப்பார்கள், அதில் ஐந்தையாவது படித்தீர்களா என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். சரி, அது இருக்கட்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். யார் கொன்றது, யார் தப்பித்தது என்று தெரிந்துவிட்ட பிறகும் அந்தப் புத்தகம் நம்மை உட்காரவைத்துப் படிக்கவைக்கிறதா? முடிவை மறைத்து வைத்திருப்பது மட்டுமே ஒரு நாவலின் பலம் என்றால், முடிவு தெரிந்த நிமிஷத்திலேயே அது பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இந்தச் சோதனையை எழுதும்போதே ஏற்றுக்கொண்ட ஒரு நாவல் இருக்கிறது. ஃபிரெடெரிக் ஃபோர்ஸித்தின் 'தி டே ஆஃப் தி ஜேக்கல்', 1971ல் வந்தது. ஃபோர்ஸித் 1960களின் தொடக்கத்தில் ராய்ட்டர்ஸ் நிருபராகப் பாரிஸில் இருந்தவர். பிரான்ஸின் பிடியில் இருந்த அல்ஜீரியாவை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பிரெஞ்சு அதிபர் டி கால் மீது கொலைவெறியோடு அலைந்த ஓ.ஏ.எஸ் என்ற ரகசிய ஆயுதக் கும்பலைப் பற்றிச் செய்தி எழுதியவர். 1962 ஆகஸ்ட் 22ஆம் தேதி பாரிஸுக்குப் பக்கத்தில் பெட்டி கிளமார் என்ற இடத்தில் டி காலின் காரைத் துப்பாக்கிகளால் சல்லடையாக்கினார்கள், மனிதர் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார். நாவல் இந்த உண்மைச் சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அடுத்ததாக அந்தக் கும்பல் வெளிநாட்டிலிருந்து ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்தியிருந்தால் என்று கற்பனை செய்கிறது.

ஃபோர்ஸித் இதை எழுதியது 1970 ஜனவரியில். அப்போது டி கால் உயிரோடுதான் இருந்தார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த பதிப்பகங்கள் கையை விரித்ததற்கு அதுதான் காரணம். யாரைக் கொல்லப் போகிறார்களோ அவர் இன்னும் திடமாக இருக்கிறார், கொலை நடக்காது என்று ஊருக்கே தெரியும், அப்புறம் இதில் என்ன சஸ்பென்ஸ் என்றார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்குப் பதில் புத்தகத்துக்குள்ளே இருந்தது. கொலையாளி கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் சுற்றி, இருந்திருந்தால் தன் வயதை ஒட்டி இருக்கக்கூடிய, இரண்டரை வயதில் செத்துப்போன ஒரு குழந்தையின் பெயரைக் கல்லில் படித்துக் குறித்துக்கொள்கிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்குகிறான், அதைக் கொடுத்து நிஜமான பாஸ்போர்ட்டே வாங்கிவிடுகிறான். அப்புறம் பிரித்து ஊன்றுகோலுக்குள் ஒளிக்கக்கூடிய துப்பாக்கி. அதை பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுக்கு எடுத்துப்போய், ஒரு முலாம்பழத்துக்கு முகம் வரைந்து மரத்தில் தொங்கவிட்டு, சுட்டுச் சுட்டுப் பார்த்துக் குறிநோக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறான். குறி சரியான பிறகு பாதரசம் அடைத்த குண்டை ஒரு தடவை சுடுகிறான், முலாம்பழம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது டி கால் சாகமாட்டார் என்று நமக்குத் தெரிந்தும் வயிற்றைப் பிசைகிறது. என்ன நடக்கும் என்ற கேள்வியையே எடுத்துவிட்டு, எப்படி நடந்திருக்கும் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு முழு நாவலை ஓட்டியிருக்கிறார். இதற்குக் கிடைத்த புகழ் கொஞ்சமும் அதிகமில்லை என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பாஸ்போர்ட் வித்தை வெறும் கதை இல்லை, நிஜமாகவே அப்படி ஒரு ஓட்டை இருந்தது. பிரிட்டனில் இன்றும் அந்த வகை மோசடியை நாவலின் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், லண்டன் போலீஸின் ரகசியப் பிரிவு ஆட்களே போராட்டக் குழுக்களுக்குள் நுழைவதற்கு இறந்த குழந்தைகளின் பெயர்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதைத் தங்களுக்குள் 'ஜேக்கல் ரன்' என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது 2013ல் வெளியே வந்து பெரிய ரகளையானது.

அகதா கிறிஸ்டியிடம் விவரங்களில் இதே நேர்மை வேறு மாதிரி இருக்கும். அவர் முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் டார்க்கி நகரத்து மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர், விஷம் என்றால் அவருக்கு அளவு, நிறம், அறிகுறி எல்லாம் அத்துப்படி. 1961ல் எழுதிய 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் விஷத்தின் அறிகுறிகளை, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது உட்பட, விவரமாகச் சொல்லியிருப்பார். 1977ல் கத்தாரிலிருந்து ஒரு கைக்குழந்தையை லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அந்த வார்டில் இருந்த நர்ஸ் ஒருவர் அப்போது இந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்துவிட்டு, இது தாலியமாக இருக்குமோ என்று கேட்டார். பரிசோதித்தார்கள், தாலியமேதான், வீட்டில் பூச்சிக்கு வைத்த மருந்திலிருந்து போயிருக்கிறது. குழந்தை தேறியது. வில்சன் சொன்ன கெட்ட பழக்கம் ஒரு நாள் இந்த வேலையும் செய்தது.

இப்போது டான் பிரவுனுக்கு வருவோம். 'தி டா வின்சி கோட்' 2003ல் வந்து 8 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. சுவாரஸ்யமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். முதல் அத்தியாயத்திலேயே போலீஸ்காரர் ஒரு போட்டோவை நீட்டுகிறார், கதாநாயகன் அதைப் பார்த்து விறைத்துப்போகிறான், போட்டோவில் இருப்பதை நமக்கு முழுசாகச் சொல்ல மாட்டார் ஆசிரியர். பாத்திரத்துக்குத் தெரிந்துவிட்டது, அவன் கண்ணால்தான் கதையைப் பார்க்கிறோம், ஆனாலும் நம்மிடம் மறைக்கிறார். இது புதிர் இல்லை, பிடுங்கி வைத்துக்கொள்வது. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலும் இந்த வேலை உண்டு, கதவு திறக்கும், அங்கே அவள் கண்ட காட்சி என்று நிறுத்தி 'தொடரும்' போடுவார்கள். அங்கே அடுத்த வியாழக்கிழமை இதழ் விற்க வேண்டிய கட்டாயம் இருந்தது, நாமும் தெரிந்தேதான் அந்த ஆட்டத்தில் இருந்தோம். முழுப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்கிக் கையில் வைத்திருப்பவனிடம் எதற்கு இந்தத் தொடரும்? 105 அத்தியாயம், திரும்பத் திரும்ப இதே கொக்கி. இரண்டாம் தடவை படிக்க உட்கார்ந்தால் கொக்கி மட்டும்தான் கண்ணில் படுகிறது, அதில் மாட்டியிருந்தது எதுவும் மிச்சமில்லை.

அதையும் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது புத்தகத்தின் முகப்பில் 'உண்மை' என்று தலைப்புப் போட்டு அச்சடித்த அந்த ஒரு பக்கம். பிரையரி ஆஃப் சயான் என்ற ரகசியச் சங்கம் 1099ல் தொடங்கப்பட்ட நிஜ அமைப்பு என்று அதில் இருக்கிறது. அந்தச் சங்கம் பியர் பிளாண்டார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956ல் பதிவுசெய்தது, பழைய ஆவணம் என்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருந்த காகிதங்கள் 1960களில் இட்டுக்கட்டிச் சேர்த்தவை. கட்டடக்கலை வர்ணனை எல்லாம் துல்லியம் என்றும் அதே பக்கம் சொல்கிறது, உள்ளே போனால் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பிரமிடில் சரியாக 666 கண்ணாடிகள் என்று வரும். இருப்பது 673. ஏழு கண்ணாடிக்காக நான் சண்டை போடவில்லை, கதையில் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லட்டும், அது கதைக்காரன் உரிமை. பொய்யைக் கதைக்கு வெளியே எடுத்துவந்து, இது உண்மை என்று முத்திரை குத்தி விற்றதில்தான் எனக்குச் சண்டை. அந்த 8 கோடியில் எத்தனை பிரதிகள் கதைக்காக விற்றன, எத்தனை அந்த ஒரு பக்கத்துக்காக விற்றன என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விளம்பரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜேம்ஸ் பேட்டர்சன் எழுத்தாளராக வருவதற்கு முன்பு ஜே. வால்டர் தாம்ப்ஸன் விளம்பர நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்தவர். 1993ல் தன் நாவலுக்கு டி.வி. விளம்பரத்தைத் தானே எழுதித் தயாரித்தார். இன்று துணை எழுத்தாளர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வருஷத்துக்கு இத்தனை என்று புத்தகம் இறக்குகிறார். அந்த வெற்றியில் வியாபாரத் திறமைக்கு என் வணக்கம், நாவல்களில் ஒன்றிரண்டுக்கு மேல் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

என்ன படிக்கலாம் என்று கேட்பீர்கள். 'டா வின்சி கோட்'டை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள், போதும். 'ஜேக்கல்' சொந்தக் காசு போட்டு வாங்கத் தகும். கிறிஸ்டியில் வில்சன் கேலி செய்த அந்த ரோஜர் அக்ராய்டு நாவலை, 1926ல் வந்தது, எடுத்த எடுப்பில் படிக்காதீர்கள். அவருடைய வேறு நாலைந்து நாவல்களைப் படித்து, இந்த ஆட்டத்தின் விதிகள் பழகின பிறகு அதற்கு வாருங்கள், அப்போதுதான் அதில் அவர் எந்த விதியோடு விளையாடியிருக்கிறார் என்பது பிடிபடும். அதற்கு முன்னால் இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டாம். முன்னுரை இருந்தால் அதையும் கடைசியில் படியுங்கள்.