பெரியம்மாவுக்குப் பாக்கி ரெண்டு ரூபாய்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பந்தலில் இடமில்லாமல் டிராக்டர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, வணக்கம். பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்திலேயே கால் நிமிடம் போய்விட்டது.

'இல்லறம் இனிக்கக் கணவன் மனைவி அரசியலில் ஒத்துப்போக வேண்டுமா, வேண்டியதில்லையா?' இதுதான் தலைப்பு. நாங்கள் 'வேண்டியதில்லை' அணி. மேடையில் கட்சிப் பெயர் சொல்லக் கூடாது என்று விழாக் கமிட்டி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. சொல்ல மாட்டேன். என் பெரியப்பா கட்சி காலையில் கிழக்கே உதிக்கும். என் பெரியம்மா கட்சியில் சோறு போட்டுச் சாப்பிடலாம். சரிதானே நடுவர் அவர்களே? பெயர் சொல்லவில்லை.

1996 தேர்தல். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு அறைதான் பூத். பெரியப்பா பூத் ஏஜென்ட். பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், முட்டி இரண்டும் நெஞ்சில் இடிக்கிறது. கையில் வாக்காளர் பட்டியல், பென்சில், ஸ்கேல். ஓட்டுப் போட்ட பெயரை ஸ்கேல் வைத்துத்தான் அடிப்பார். அவ்வளவு சுத்தம்.

பெரியம்மா வரிசையில் வந்து நிற்கிறார். காலையில் இருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தேர்தல் அன்று அந்த வீட்டில் அப்படித்தான், காபி மட்டும் வரும், டம்ளர் கொஞ்சம் சத்தமாக வரும். ஆபீசர் பட்டியலைப் படிக்கிறார். பெயர் சரி. வயது நாற்பத்தாறு. ஆறு வயது குறைச்சல், அதைப் பெரியம்மா ஆட்சேபிக்கவில்லை. கணவர் பெயர் என்று ஒரு பெயரைப் படித்தார் பாருங்கள், பூத்தே அமைதியாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பெயர்!

அச்சடித்தவர் செய்த தப்பு. மேல் வரியில் இருந்தது கீழே வந்துவிட்டது. பெரியப்பாவால் தாங்க முடியுமா? எழுந்தார், அந்த பெஞ்சிலிருந்து எழுவதற்கே அரை நிமிடம் ஆனது. "சேலஞ்ச் பண்றேன் சார். இந்தப் பட்டியல்ல இருக்கிற பொம்பள இவங்க இல்ல!"

நம் தேர்தல் விதியில் இதற்கு இடம் இருக்கிறது. வந்திருப்பவர் அந்த வாக்காளர்தானா என்று சந்தேகம் வந்தால் ஏஜென்ட் ஆட்சேபிக்கலாம். ரெண்டு ரூபாய் கட்ட வேண்டும். ஆட்சேபம் வெட்டியானது என்றால் அந்த ரெண்டு ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

ஆபீசர் கையை நீட்டினார். பெரியப்பா சட்டைப் பையைத் தடவினார். பென்சில் சீவிய தூள்தான் வந்தது. வேட்டி மடிப்பைத் தடவினார், பொடி மட்டை. அப்படியே மெதுவாகத் திரும்பி, பட்டியலில் இருக்கிற பொம்பள இவங்க இல்லை என்று இப்போதுதான் சொன்னாரே, அதே அம்மாவைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "ஒரு ரெண்டு ரூபா இருந்தா குடேன்."

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து, ரெண்டு ரூபாய் எடுத்து, தன் மேலேயே போடப்பட்ட வழக்குக்குத் தானே பணம் கட்டினார்!

ஆபீசருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் விசாரிக்க வேண்டுமே. "அம்மா, இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஒண்ணும் வேணாம் சார். அதுக்கப்புறம் வீட்டுக்காரர்."

ஆட்சேபம் தள்ளுபடி. பெரியம்மா ஓட்டுப் போட்டார், எந்தக் கட்சிக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயரையும் பெரியப்பா ஸ்கேல் வைத்துத்தான் அடித்தார்.

இந்தக் கதையைப் பெரியப்பா சொன்னால் அதில் ரெண்டு ரூபாய் வராது. "ஆட்சேபிச்சேன், எழுதிக்கிட்டாங்க" என்று முடித்துவிடுவார். பெரியம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "காசு யாரு கட்டினதுன்னு கேளுடா." அப்புறம் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால், "இது இருக்கட்டும், அந்த ரெண்டு ரூபா?" கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போனால், ஆட்டோவில் ஏறும்போது, "அந்த ரெண்டு ரூபா?" இருபத்தைந்து வருடம். அவரும் கொடுக்கவில்லை, இவரும் விடவில்லை.

இருக்கட்டும், எதிரணிச் சகோதரிக்கு வருகிறேன். சற்று முன் கேரளத்து அரசியல் தம்பதி கௌரியம்மா, டி.வி. தாமஸ் கதையைச் சொன்னார். "கட்சி உடைந்தது, கட்டிலும் உடைந்தது!" என்று முடித்தார். என்ன கைதட்டல்! நானே தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் யோசித்தேன்.

அம்மா, 1957இல் அவர்கள் கல்யாணம் செய்தபோது எந்தக் கட்சி? இருவரும் ஒரே கம்யூனிஸ்ட் கட்சி. ஒரே அமைச்சரவையில் அமைச்சர்கள். உங்கள் அணி கேட்கிற பொருத்தம் நூற்றுக்கு நூறு! 1964இல் கட்சி இரண்டானது. தாமஸ் சி.பி.ஐ.யில் இருந்துகொண்டார், கௌரியம்மா சி.பி.எம். போனார். 1967இல் மறுபடி ஒரே அமைச்சரவை, ஆனால் இரண்டு கட்சி. குடும்பம் தாங்கவில்லை, உண்மைதான். ஆனால் கொள்கைப் பொருத்தம் பார்த்துக் கட்டிய கல்யாணம் அல்லவா அது? இந்தச் சாட்சியை நீங்கள் ஏன் அம்மா கூட்டிவந்தீர்கள்? ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்துச் சொல்வார். கட்சி எந்த வருடம் உடையும் என்று சொல்லும் ஜோசியர் இருக்கிறாரா? அதுவும் நம்ம ஊரில்!

என் சாட்சியைக் கேளுங்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் ஆச்சார்ய கிருபளானி, அவர் மனைவி சுசேதா கிருபளானி. இருவருக்கும் இருபது வயது வித்தியாசம். காந்தியே வேண்டாம் என்றார், கேட்கவில்லை, 1936இல் கல்யாணம். சுதந்திரத்துக்குப் பிறகு இருவரும் காங்கிரஸை விட்டு வெளியே வந்தார்கள். அம்மா திரும்பிப் போய்விட்டார், ஐயா போகவில்லை. 1963 ஆகஸ்ட், மக்களவையில் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம், நேரு அரசின் மேல். கொண்டுவந்தவர் கிருபளானி. ஆதரவு 62, எதிர்ப்பு 347, தீர்மானம் தோற்றது. இரண்டே மாதம், அக்டோபரில் அதே காங்கிரஸில் உத்தரப் பிரதேச முதல்வராகச் சுசேதா பதவி ஏற்கிறார், இந்தியாவின் முதல் பெண் முதல்வர்! கணவர் கவிழ்க்கப் பார்த்த கட்சியில் மனைவி முதலமைச்சர். 1974இல் அந்த அம்மா இறக்கும்வரை கணவன் மனைவியாகத்தான் இருந்தார்கள். இதற்கு எதிரணி என்ன சொல்லும் என்று... சரி, நடுவர் மணியைத் தொடுகிறார். பெரியப்பாவை முடித்துவிடுகிறேன்.

2021 சட்டமன்றத் தேர்தல். எண்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலிருந்தே தபால் ஓட்டு என்றார்கள். பெரியப்பாவுக்கு அப்போது பக்கவாதம், வலது கை போய்விட்டது, பேச்சும் குழறல். அதிகாரிகள் அட்டைத் தடுப்போடு வீட்டுக்கே வந்தார்கள். இவரால் பேனா பிடிக்க முடியாது. அப்படிப்பட்டவருக்குத் துணையாள் ஒருவர் ஓட்டைப் போட்டுக் கொடுக்கலாம், வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். "யார் துணை?" என்றார்கள். பெரியப்பா இடது கையைத் தூக்கி அடுப்படிப் பக்கம் காட்டினார்.

மகன் நிற்கிறான், மருமகன் நிற்கிறான், நான் நிற்கிறேன். அவர் காட்டியது எதிர்க்கட்சியை!

பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டார். அட்டைக்குப் பின்னால் அவர் வாயருகே காதை வைத்தார். பேனா ஒருமுறை அசைந்தது. மடித்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்துவிட்டார். அதிகாரிகள் போனதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். "யாருக்குப் பெரியம்மா போட்டீங்க?" "சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கல்ல" என்று உள்ளே போய்விட்டார். பெரியப்பா எதுவும் கேட்கவில்லை.

ஓட்டு எண்ணுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மே 2. டி.வி.யில் எண்ணிக்கை. பத்து வருடம் கழித்து அவர் கட்சி வந்துவிட்டது. பெரியம்மா கட்சி தோற்றது. தெருவில் வெடிச் சத்தம். பெரியம்மா டி.வி.யை அணைத்துவிட்டு எழுந்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன். நேராகப் பெரியப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றார். மாலையைச் சரிசெய்தார்.

"இன்னும் யாரும் சொல்லலையா உங்களுக்கு? உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"அந்த ரெண்டு ரூபா வேணாம், போங்க."

மணி அடித்துவிட்டது. உட்கார்ந்துகொள்கிறேன் ஐயா.