சும்மாதான் கூப்பிட்டேன்

நேயர்களுக்கு வணக்கம்.

நவீனத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், கைப்பேசியை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். கேட்பவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே அதை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த வேலையை நான் இன்று செய்யப்போவதில்லை. கடல் கடந்து போன மகனின் முகத்தை நினைத்தபோதெல்லாம் பார்க்க முடிகிற தாயிடமும், வீடியோ அழைப்பில் சைகை மொழியில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்ளும் காது கேளாத நண்பர்களிடமும் போய், இந்தக் கருவி உறவைக் கெடுக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்குள்ள குறை வேறு. இது தொலைபேசியாகப் பிறந்த கருவி. இதில் படம் எடுக்கிறோம், பணம் அனுப்புகிறோம், வழி பார்க்கிறோம், விடிய விடிய எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேசுவது மட்டும்தான் குறைந்துகொண்டே வருகிறது.

பேசினால் என்ன, எழுதினால் என்ன, செய்தி போய்ச் சேர்ந்தால் போதாதா? நியாயமான கேள்விதான். இதற்கு ஓர் ஆய்வு சுவையான பதில் தந்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர், சேத் போலக் முதலியோர் 7 வயதிலிருந்து 12 வயது வரையிலான சிறுமிகளை வைத்து அதைச் செய்தார்கள். முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் நின்று பேச வேண்டும், கணக்குப் போட வேண்டும். எந்தக் குழந்தைக்கும் நெஞ்சு படபடக்கும் அல்லவா? அது முடிந்ததும் சிலரை அம்மா நேரில் வந்து அணைத்துத் தேற்றினார். சிலரிடம் அம்மா தொலைபேசியில் பேசினார். மற்றவர்களுக்கு அம்மா இல்லை, ஒரு படம் மட்டும் போட்டுக் காட்டினார்கள்.

2010-இல் முடிவு வெளியானது. பாசப் பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு, அணைப்புக் கிடைத்த குழந்தைகளுக்கு உயர்ந்தது. குரல் மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு உயர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு பிரிவையும் சேர்த்தார்கள்: அம்மாவோடு எழுத்துச் செய்தியில் மட்டும் உரையாடிய குழந்தைகள். அம்மா அதே அம்மாதான், சொன்னதும் ஆறுதல்தான். ஆனால் அந்தக் குழந்தைகளின் மன அழுத்தச் சுரப்பான கார்ட்டிசால், அம்மாவோடு தொடர்பே இல்லாத குழந்தைகளின் அளவிலேயே நின்றது. ஆக்ஸிடோசினும் உயரவில்லை. ஒரே ஆய்வை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது, அதுவும் சிறுமிகளிடம் மட்டும் செய்த ஆய்வு. இருந்தாலும் இதைப் படித்த நாளிலிருந்து, அழுதுகொண்டிருக்கும் ஒருவருக்குக் கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க என்னால் முடியவில்லை.

இது நமக்குத் தெரியாததும் இல்லை. மகளுக்கு அம்மா ‘எப்படி இருக்கே?’ என்று செய்தி அனுப்புகிறார். ‘நல்லா இருக்கேன்மா’ என்று பதில் வருகிறது. எழுத்தில் இதற்கு மேல் எதுவும் இல்லை. அதே கேள்வியைக் கூப்பிட்டுக் கேட்டால், ‘நல்லா…’ என்று தொடங்கி ஒரு மூச்சு இடைவெளி விழும். ‘என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?’ என்று அம்மா பிடித்துக்கொள்வார். அப்புறம்தான் காய்ச்சலோ, அலுவலகச் சண்டையோ, மனக்கசப்போ வெளியே வரும். உரையாடலில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க ஆகும் நேரம், பல மொழிகளில் அளந்து பார்த்ததில், சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அவ்வளவு நெருக்கமாகப் பேசிப் பழகிய காதுக்கு, அரை நொடி தயங்கினாலே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடுகிறது.

குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரோஜாப் பூ, சூரிய உதயம், கீழே ஒரு பொன்மொழி. இளையவர்களுக்கு இதைக் கண்டாலே எரிச்சல். எனக்குத் தெரிந்த ஒரு பெண், தினம் காலையில் படம் அனுப்பும் தன் அப்பாவின் செய்திகளுக்குச் சத்தம் வராமல் நிறுத்தி வைத்திருந்தார். ஒருநாள் அப்பாவிடமே, ‘எதுக்குப்பா தினம் இதை அனுப்புறீங்க?’ என்று கேட்டாராம். ‘நீ பார்த்துட்டேன்னு நீல டிக் வரும்ல, அதுக்குத்தாம்மா’ என்றாராம் அவர். வாட்ஸ்ஆப்பில் அந்த நீல டிக் வந்தது 2014-இல். அது எதற்காக வந்ததோ, இந்த அப்பாவுக்கு அது மகள் நலமாக எழுந்துவிட்டாள் என்பதற்கான அத்தாட்சி. அவர் அனுப்பிய பூவெல்லாம் மகளின் கதவைத் தட்டியதுதான். பதிலுக்கு இன்னொரு பூவை அனுப்புவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, கதவைத் திறக்கத்தான் வேண்டும். அந்தப் பெண் இப்போது வேலைக்குப் போகும் வழியில் அப்பாவைக் கூப்பிடுகிறார். படம் இன்னமும் வருகிறதாம், அது வேறு விஷயம்!

அப்படியானால் நாம் ஏன் கூப்பிடுவதில்லை? நேரமில்லை என்போம். கீழே இழுக்க இழுக்கப் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும் திரை இருக்கிறதே, ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் 2006-இல் உருவாக்கிய உத்தி அது. அதற்காகப் பின்னாளில் அவரே வருத்தப்பட்டார். அந்தத் திரைக்கு ஒதுக்க நம்மிடம் நேரம் இருக்கிறது. உண்மையான காரணம் கூச்சம் என்பது என் எண்ணம். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று எப்படி? என்ன நினைப்பாரோ? என்ன பேசுவது?

இந்தக் கூச்சத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்பு விட்டுப்போன பழைய நண்பர் ஒருவரை மீண்டும் தொடர்புகொள்ளச் சொன்னார்கள். தொலைபேசியில் பேசினால் சங்கடமாக இருக்கும், மின்னஞ்சல் அனுப்பினால் தேவலை என்பதே பலருடைய எதிர்பார்ப்பு. யார் பேசுவது, யார் எழுதுவது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துவிட்டார்கள். பேசியவர்கள்தான் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள். பயந்த சங்கடமோ எழுதியவர்களுக்கு இருந்ததைவிட அதிகமாக இல்லை. இன்னொரு சோதனையில், முகம் தெரியும் வீடியோ உரையாடல், குரல் மட்டும் கேட்கும் உரையாடலைவிடப் பெரிதாக எதையும் கூட்டவில்லை. இதை வானொலியில் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பேச்சு திக்குகிறவர்களுக்கும், அடுத்தவர் காதில் விழக்கூடாத சூழலில் வாழ்கிறவர்களுக்கும் எழுத்துத்தான் வரம். ‘எத்தனை மணிக்கு வருவே?’ என்பதற்கு அழைப்பு தேவையே இல்லை. தகவலுக்கு எழுத்து, மனசுக்குக் குரல் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். எழுத்தையே அழைப்புக்கு வாசலாகவும் வைத்துக்கொள்ளலாம். ‘இப்போ பேசலாமா?’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டுக் கூப்பிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. குறிப்பிட்ட சிலருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும், மற்றதெல்லாம் அமைதியாகக் கிடக்கட்டும் என்று அமைத்துக்கொள்ளும் வசதி இன்றைய கைப்பேசிகளில் உண்டு. அதைத் தேடிப் பிடித்து அமைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூப்பிட்டதும் எதிர்முனையில் ‘என்ன ஆச்சு? யாருக்கு என்ன?’ என்று பதறித்தான் கேட்பார்கள். நெடுநாள் கழித்து அழைப்பு வந்தால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று நாம் எல்லோரும் பழகிவிட்டோம். அதனால், எடுத்த எடுப்பிலேயே ‘எல்லாரும் நல்லா இருக்கோம், சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று சொல்லிவிடுங்கள். அப்போதும் நம்பமாட்டார்கள். பேச்சு முடிகிற வரைக்கும், விஷயம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த வாரமும் கூப்பிடுங்கள், அப்போதுதான் நம்புவார்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.