நம்ம குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நடுவர் அவர்களுக்கும், ஆடிப்பெருக்குக்கு வந்து பட்டிமன்றத்துக்கும் உட்கார்ந்திருக்கும் பென்னாகரத்து மக்களுக்கும் வணக்கம். அண்டை நாடுகளுக்கு இந்தியா உதவுவது கடமையா, சக்திக்கு மீறிய செலவா என்பது தலைப்பு. கடமை என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஒரே கேள்வியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். “2014-இல் மாலத்தீவுக்குக் கப்பலில் தண்ணீர் அனுப்பினீர்களே, தருமபுரிக்காரன் பல்லை என்றைக்காவது பார்த்தீர்களா?” என்று கேட்டார். பின்வரிசையில் விசிலே அடித்தீர்கள். சரி ஐயா, பல்லைப் பற்றியே பேசுவோம்.

ஏரியூர் பக்கம் என் அத்தைக்குக் கல்யாணம். போட்டோக்காரர் வந்தார். “சிரிங்கம்மா” என்றார். அத்தை சிரிக்கவில்லை. “கொஞ்சம் பல்லு தெரியட்டும்மா” என்றார். அத்தை உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. பொண்ணுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லையோ? வேறு ஏதாவது விஷயம் இருக்குமோ? மாமாவின் அக்கா நேராகவே வந்து, “ஏம்மா, எங்க தம்பியைப் பிடிக்கலையா?” என்று கேட்டுவிட்டார்.

அந்த ஆல்பம் இன்னும் வீட்டில் இருக்கிறது. மாலை மாற்றுகிற படம், வாய் மூடியிருக்கும். தாலி கட்டுகிற படம், வாய் மூடியிருக்கும். பந்தியில் மாமா லட்டு ஊட்டுகிறார். அப்போது வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? லட்டு உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அத்தை முந்தானையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டிருக்கிறது! மாமாவைப் பிடிக்காமல் இல்லை. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு உப்புதான் காரணம். பல்லெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. இந்தக் கூட்டத்தில் எத்தனை அத்தைகள் இப்போதுகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள் என்று மேடையிலிருந்து எனக்குத் தெரிகிறது.

அந்த அத்தையின் பேத்தி இப்போது ஆறாவது படிக்கிறாள். பள்ளிக்கூட ஐடி கார்டில் அவள் படத்தைப் பாருங்கள், பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். அவள் குடித்து வளர்ந்தது அந்தப் போர்வெல் தண்ணீர் இல்லை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து சுமார் 1,900 கோடி ரூபாய்த் திட்டம், 2013-இல் திறந்தார்கள். அதற்குக் கடன் கொடுத்தது யார்? ஜப்பான்!

தலைவர் உடனே “அது கடன்தானே, தானமா?” என்பார். கடன்தான், நான் மறைக்கவில்லை. ஆனால் ஜப்பான் தன் பணமான யென்னில் முதல் கடனை யாருக்குக் கொடுத்தது தெரியுமா? 1958-இல், நம் இந்தியாவுக்கு. அன்றைக்கு ஜப்பான் என்ன பணக்கார நாடா? அணுகுண்டு விழுந்து பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. 1961-இல் புல்லட் ரயில் பாதை போட உலக வங்கியிடம் எட்டுக் கோடி டாலர் கடன் வாங்கிய நாடு அது. உலக வங்கிக் கடனையெல்லாம் அடைத்து முடித்ததே 1990-இல்தான். ஒரு கையால் வாங்கிக்கொண்டே மறு கையால் கொடுத்தார்கள். “முதலில் எங்கள் வீடு நிறையட்டும்” என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால்?

அதே 1961-இல் நாமும் அதைத்தான் செய்தோம். பூடானின் முதல் ஐந்தாண்டுத் திட்டச் செலவை முழுக்க இந்தியா ஏற்றது. 1964-இல் மற்ற நாட்டு ஊழியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் தொடங்கினோம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த காலம் அது! அப்புறம் பூடானில் சுக்கா நீர்மின் நிலையம், 336 மெகாவாட். அறுபது சதவீதம் மானியம், நாற்பது சதவீதம் கடன். அவர்களுக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை நாமே விலைக்கு வாங்குகிறோம். அவர்களுக்கு வருமானம், நமக்கு வெளிச்சம். வெளிநாட்டில் நாம் எடுக்கும் வேலைகள் சில வருடக்கணக்கில் இழுக்கின்றன என்று எதிரணித் தம்பி சொன்னார். அது நியாயமான குறை, திருத்தத்தான் வேண்டும். 2012-இல் வெளியுறவு அமைச்சகத்தில் இந்த உதவி வேலைகளைக் கவனிக்கத் தனிப்பிரிவே வைத்தது அதற்கும் சேர்த்துத்தான்.

இப்போது மாலத்தீவுக்கு வருகிறேன். 2014 டிசம்பரில் மாலே நகரத்தின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. ஆறு கிடையாது, ஏரி கிடையாது, சுற்றிலும் உப்புத் தண்ணீர். சுமார் ஒரு லட்சம் பேர் காலிக் குடத்தோடு நின்றார்கள். மறுநாளே நம் விமானம் தண்ணீரோடு இறங்கியது, பின்னாலேயே கடற்படைக் கப்பல் போனது. ஐயா, தண்ணீர்க் கஷ்டம் என்னவென்று தெரியாத ஊர்க்காரர் இதைக் கேட்டிருந்தால் விட்டிருப்பேன். நம் ஊர் மேடையில், நம் ஊர்க்காரர் வாயால், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்ததைக் குறையாகக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக ஒன்று. 2022-இல் இலங்கையில் பாலுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. தமிழக அரசும் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர் என்று அறிவித்து, பொதுமக்களிடமும் நிதி கேட்டது. அப்போது நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வயதான அம்மா ஒருவர், சண்டையில் வீட்டையும் கணவரையும் இழந்து கைக்குழந்தையோடு படகேறி வந்தவர். மடியிலிருந்து சுருட்டி வைத்த இருநூறு ரூபாயை எடுத்து, “இதையும் அந்த நிதியில போட்டுவிடு பிள்ளை” என்றார். “அம்மா, இது அங்கே எல்லாருக்கும்தான் போகும், சிங்களவர்களுக்கும் போகும்” என்றேன். “பசிச்ச சனத்துக்குத்தானே, போகட்டும்” என்றார்.

பத்தடிக்குப் பத்தடி வீடு, அரசு கொடுக்கும் உதவித்தொகை, ரேஷன் அரிசி. அந்த அம்மா முகத்தைப் பார்த்து, “உனக்கே வழியில்லை, இது சக்திக்கு மீறிய செலவு” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நடுவர் அவர்களே. எதிரணியினருக்கு வருமென்றால் என்னோடு முகாமுக்கு வரட்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நன்றி, வணக்கம்.